அநாத்மமும் நிர்வாணமும் காட்டுவது விடுதலையே: ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'புத்தரின் அநாத்மமும் நிர்வாணமும் மனிதனுக்குக் காட்டுவது அழிவையா, விடுதலையா?' என்பது இன்றைய தலைப்பு. விடுதலையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் வெளுத்து வாங்கிவிட்டார். அவர் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும்: புத்தர் ஆன்மா இல்லை என்கிறார். ஆன்மா இல்லையென்றால் நான் இல்லை. நானே இல்லாதபோது நிர்வாணம் யாருக்கு, வினைப்பயன் யாருக்கு? ஆகவே நிர்வாணம் என்பது அழிவுக்கு வைத்த அழகான பெயர். கைதட்டல் பலமாகவே விழுந்தது. நானும் தட்டினேன். தட்டியது யார் என்று உடனே கேட்டுவிடாதீர்கள், அதற்குக் கொஞ்சம் நேரம் கழித்து வருகிறேன்.

அந்த வாதம் முழுவதும் அதன் முதல் வரியில்தான் நிற்கிறது: 'புத்தர் ஆன்மா இல்லை என்கிறார்.' அதை முதலில் பார்த்துவிடுவோம்.

வச்சகோத்தர் என்றொரு துறவி இருந்தார். ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களைப் பார்த்துத் தத்துவக் கேள்வி கேட்பதுதான் அவருக்கு வேலை. ஒருநாள் புத்தரிடம் வந்தார். சுற்றி வளைக்கவில்லை. "ஆன்மா உண்டா?" என்று கேட்டார். புத்தர் பேசவில்லை. "அப்படியானால், ஆன்மா இல்லையா?" அதற்கும் பேசவில்லை. வச்சகோத்தர் எழுந்து போய்விட்டார். பக்கத்தில் இருந்த சீடர் ஆனந்தருக்கு மனசு கேட்கவில்லை. ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டார். புத்தர் சொன்னதன் சாரம் இது: 'உண்டு' என்றிருந்தால், ஆன்மா என்றும் நிலைத்திருக்கும் என்கிறவர்களோடு நான் சேர்ந்துவிடுவேன்; எல்லாமே அநாத்மம் என்று நான் கண்டதற்கும் அது ஒத்துவராது. 'இல்லை' என்றிருந்தால், செத்தால் எல்லாம் அழிந்துபோகும் என்கிறவர்களோடு சேர்ந்துவிடுவேன். அதோடு, ஏற்கெனவே குழம்பிக் கிடக்கிற வச்சகோத்தர் 'முன்னால் எனக்கு ஓர் ஆன்மா இருந்தது, இப்போது அதுவும் போயிற்றே' என்று இன்னும் குழம்பிப்போவார். புத்தரின் உபதேசங்களைத் தொகுத்த சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது இந்தச் சின்னச் சூத்திரம்.

நடுவர் அவர்களே, 'இல்லை' என்று சொல்லும்படி கேட்டவரே எடுத்துக் கொடுத்தும் அவர் சொல்லவில்லை. 'அழிவுவாதிகளோடு சேர்ந்துவிடுவேன்' என்பதைக் காரணமாகவும் சொன்னார். எதிரணித் தலைவர் இன்றைக்கு அவரை எந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தாரோ, அதே கூட்டத்தில் உட்கார மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆளைக் கேட்காமல் அணியில் சேர்ப்பது என்ன நியாயம்?

சரி, அப்படியானால் அநாத்மம் என்று அவர் சொன்னதுதான் என்ன? அதற்கு சாரநாத்துக்குப் போக வேண்டும். போதி மரத்தடியிலிருந்து வந்த புத்தர் முதலில் தேடிப் போனது ஐந்து பேரை: கொண்டஞ்ஞர், வப்பர், பத்தியர், மகாநாமர், அஸ்ஸஜி. அவர் கடுந்தவம் செய்தபோது கூட இருந்துவிட்டு, அவர் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியதும் 'இவர் கெட்டுப்போனார்' என்று விலகிப் போனவர்கள். அவர்களுக்கு அவர் செய்த முதல் உபதேசம் நான்கு வாய்மைகள்: துன்பம், அதன் காரணம், அதன் ஒழிவு, ஒழிவுக்கான வழி. இரண்டாவது உபதேசம்தான் அநாத்மம்.

அதை அவர் ஒரு கொள்கையாக அறிவிக்கவே இல்லை. ஒரு சோதனையாக வைத்தார். மனிதன் என்று நாம் சொல்வதை ஐந்து தொகுதியாகப் பிரித்தார். நமக்குச் சங்கடமே இல்லை, மணிமேகலை அவற்றுக்குத் தமிழ்ப் பெயரே வைத்திருக்கிறது: உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. உடம்பு; இன்ப துன்ப உணர்வு; இது இன்னது என்று அடையாளம் காண்பது; எண்ணம், முனைப்பு முதலான மனச் செயல்கள்; அறிகிற அறிவு. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார். இந்த உடம்பு உன் ஆன்மாவாக இருந்தால் அது நோவுக்கு ஆளாகாது. 'என் உடம்பு இப்படி இருக்கட்டும், இப்படி இருக்க வேண்டாம்' என்றால் சொன்னபடி கேட்கும். கேட்கிறதா?

தலைமுடியிடம் 'நரைக்காதே' என்று சொல்லிப் பாருங்கள். நடுவர் சிரிக்கிறார், அவருக்கு நரைக்கிற கவலை தீர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. சரி, உடம்பு கேட்கவில்லை. மனசாவது கேட்கிறதா? காலையில் ஒருவர் சொன்ன ஒரு சொல் ராத்திரி படுக்கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'போ' என்றால் போகிறதா? 'தூக்கமே வா' என்றால் வருகிறதா? 'இந்த ஆளை இனி வெறுக்க மாட்டேன்' என்று முடிவெடுத்த மறுநாள் அவர் தெருமுனையில் தெரிந்ததும் வயிற்றுக்குள் என்னவோ புரளுகிறதே, அதை வரச் சொன்னது யார்? நான்தான் முதலாளி என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறோம். உள்ளே ஒருவரும் நம் பேச்சைக் கேட்பதில்லை.

பிறகு புத்தர் அடுத்த கேள்விக்குப் போகிறார். இது நிலையானதா, நிலையில்லாததா? நிலையில்லாதது. நிலையில்லாதது இன்பமா, துன்பமா? துன்பம். அப்படி மாறிக்கொண்டே இருக்கிற ஒன்றை 'இது என்னுடையது, இது நான், இது என் ஆன்மா' என்று பார்ப்பது தகுமா? தகாது. ஐந்துக்கும் இதே கேள்வி, இதே பதில். அவ்வளவுதான் உபதேசம். கவனியுங்கள்: 'இது நானல்ல' என்று வருகிறது. 'நான் இல்லை' என்று எங்கேயும் வரவில்லை. முன்னது ஒவ்வொரு பிடியாகத் தளர்த்துவது. பின்னது ஒரே வீச்சில் தீர்ப்பு எழுதுவது. எதிரணி இரண்டையும் ஒன்று என்று நினைத்துப் பேசுகிறது.

உபதேசத்தின் முடிவில் என்ன நடந்தது? ஐந்து பேரும் அழிந்தார்கள் என்றா எழுதியிருக்கிறது? 'அப்போது உலகில் அருகதர் ஆறு பேர் இருந்தார்கள்' என்று கணக்குக் கொடுக்கிறது சங்க விதிகளைச் சொல்லும் வினயபிடகம். அருகதர் என்றால் ஆசை, வெறுப்பு, மயக்கம் அற்று முழு விடுதலை பெற்றவர். புத்தரோடு சேர்த்து ஆறு. அழிவுக் கொள்கையைக் கேட்டு எண்ணிக்கை கூடியது இந்த ஒரு இடத்தில்தான் இருக்கும்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா சிவஞான போதத்திலிருந்து ஒரு வரியைச் சொன்னார்கள். 'உளதிலது என்றலின்' என்று தொடங்கும் சூத்திரம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வைத்த வாதம். இது இல்லை, அது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாயே, அப்படிச் சொல்கிற அறிவு ஒன்று இருக்கிறதல்லவா, அதுதான் ஆன்மா. அழகான வாதம், நான் மறுக்கவில்லை. அதைச் சைவ மேடையில் கேட்டால் நானும் தலையாட்டுவேன். ஆனால் புத்தரிடம் இதே கேள்வியை வேறு வடிவத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். மோலியபக்குணர் என்ற பிக்கு. "நுகர்கிறவர் யார்? வேட்கை கொள்கிறவர் யார்?" என்று கேட்டார். புத்தர், கேள்வியே பொருந்தவில்லை என்றார். யார் என்று கேட்காதே, எதைச் சார்ந்து நுகர்ச்சி எழுகிறது என்று கேள். அதற்குப் பதில் இருக்கிறது என்றார். ஊறு, அதாவது புலன் பொருளைத் தொடுவது, இருந்தால் நுகர்வு, நுகர்வு இருந்தால் வேட்கை, வேட்கை இருந்தால் பற்று. மணிமேகலையில் அறவண அடிகள் வரிசையாகச் சொல்கிற அதே சங்கிலிதான்.

கைதட்டியது யார் என்பதற்கு என் பதிலும் இதுதான். பேச்சு காதில் விழுந்தது, பிடித்தது, கை எழுந்தது. இதில் எந்தக் கண்ணியும் விட்டுப்போகவில்லை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நமக்குப் பழகிப்போன எண்ணம். அந்த நாற்காலியைத் தேடிப் பார், கிடைக்கிறதா என்று சொல் என்கிறார் புத்தர்.

இங்கே என் சொந்த அணிக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் அணியில் முதலில் பேசியவர், 'சிறிய ஆன்மா போய்ப் பேரான்மாவில் கலப்பதுதான் நிர்வாணம்' என்றார். மன்னிக்க வேண்டும். எதிரணிக்குப் பயந்து அப்படி ஓர் அடைக்கலம் தேட வேண்டியதில்லை. பிறவாத, ஆகாத, ஆக்கப்படாத ஒன்று உண்டு என்று உதானம் என்ற பௌத்த நூலில் ஓர் இடம் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அதைச் சொன்ன வாய், அதை ஆன்மா என்று அழைக்கவில்லை. அவர் வைக்காத பெயரை நாம் வைத்து அவரைக் காப்பாற்ற வேண்டாம். எங்கள் தலைவர் முறைக்கிறார், சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்கிறோம்.

அடுத்து, வினைப்பயன். செய்தவன் வேறு, அனுபவிப்பவன் வேறு என்றால் யார் வேண்டுமானாலும் எதையும் செய்யலாமே என்றார் எதிரணித் தலைவர். இந்தக் கேள்வி புத்தர் உயிரோடு இருந்தபோதே வந்துவிட்டது. ஒரு பௌர்ணமி இரவு. பிக்குகள் கூடியிருக்கிறார்கள். ஐந்தும் அநாத்மம் என்று புத்தர் விளக்கி முடிக்கிறார். ஒரு பிக்குவின் மனத்தில் ஓர் எண்ணம் ஓடுகிறது: 'எல்லாம் அநாத்மம் என்றால், அநாத்மம் செய்த வினைகள் எந்த ஆன்மாவைத் தொடப் போகின்றன?' புத்தர் அதை அறிந்து, அறியாமையில் கிடந்து வேட்கையால் ஆளப்படுகிற மனம் இப்படித்தான் ஆசிரியனின் போதனையை முந்திக்கொண்டு ஓடும் என்று கடிந்துகொண்டார். கண்டித்ததோடு விடவில்லை. மறுபடியும் உடம்பு நிலையானதா, உணர்வு நிலையானதா என்று முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். பின்வாசல் வழியாக ஓர் ஆன்மாவை உள்ளே கொண்டுவரப் பார்க்கிறாய், வாசலுக்கே திரும்பி வா என்பதுபோல.

புரிகிற மாதிரி ஒரு பதில் வேண்டுமென்றால் நாகசேனர் என்ற பிக்குவிடம் போகலாம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மினாண்டர், பாலியில் மிலிந்தன். அவன் நாகசேனரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு மடக்கப் பார்த்த உரையாடல்தான் மிலிந்த பஞ்ஹா. பாகம் பாகமாகப் பார்த்தால் தேர் எங்கே என்று கேட்கும் தேர் உவமையை நான் தொடப்போவதில்லை. பௌத்தம் என்று யார் வாயைத் திறந்தாலும் முதலில் வருவது அதுதான், பாவம், அந்தத் தேரை எத்தனை தடவைதான் பிரித்துப் போடுவது! எனக்குப் பிடித்தது மாங்காய்த் திருடன். ஒருவன் இன்னொருவன் மரத்தில் மாம்பழம் பறித்துவிட்டான். அரசனிடம் இழுத்து வந்தார்கள். திருடன் சொல்கிறான்: 'நான் இவருடைய பழத்தை எடுக்கவே இல்லை. இவர் நட்டது வேறு மாம்பழம், நான் எடுத்தது வேறு மாம்பழம்.' என்ன செய்வாய் என்று நாகசேனர் கேட்கிறார். தண்டிப்பேன் என்கிறான் மிலிந்தன். ஏன்? நட்டதிலிருந்துதானே இது வந்தது! அதேதான் என்றார் நாகசேனர். இந்தப் பிறவியில் செய்ததிலிருந்து அடுத்தது வருகிறது. அது அதுவே அல்ல. அதற்காக, தொடர்பில்லாத வேறொன்றும் அல்ல.

எதிரணியின் கேள்வியும் அந்தத் திருடனின் கேள்வியும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. அவையோர் முடிவு செய்யட்டும்.

இனி நிர்வாணம். இங்கேதான் எதிரணி மிகவும் தைரியமாகப் பேசியது. நிர்வாணம் என்ற சொல்லுக்கே 'அணைவது' என்றுதான் பொருள், பிறகு அதில் என்ன மிச்சம் என்றார்கள்.

கயாவில் சடாமுடித் துறவிகள் ஆயிரம் பேருக்குப் புத்தர் ஓர் உபதேசம் செய்தார். அவர்கள் காலமெல்லாம் வேள்வித் தீயை வளர்த்தவர்கள். அவர்களிடம் போய் அவர் சொன்னார்: எல்லாம் எரிகிறது. கண் எரிகிறது, கண் காண்பது எரிகிறது, கண்டதால் வரும் இன்பமும் துன்பமும் எரிகின்றன. எந்த நெருப்பால்? ஆசை என்னும் நெருப்பால், வெறுப்பு என்னும் நெருப்பால், மயக்கம் என்னும் நெருப்பால். தீயை வணங்கியவர்களிடம் தீயை வைத்தே பேசிய அந்தச் சாமர்த்தியம் இருக்கட்டும். அணைய வேண்டியது எது என்ற பட்டியல் இதிலேயே வந்துவிட்டது. ஜம்புகாதகர் என்ற துறவி புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தரிடம் 'நிர்வாணம் நிர்வாணம் என்கிறார்களே, அது என்ன?' என்று கேட்டபோதும் இதே பட்டியல்தான் வந்தது. ஆசை அழிதல், வெறுப்பு அழிதல், மயக்கம் அழிதல்: இதற்குப் பெயர் நிர்வாணம்.

'ஆகா, அழிதல் என்று வந்துவிட்டதே' என்று எதிரணியில் ஒருவர் எழுதிக்கொள்கிறார். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கூடவே இதையும் எழுதுங்கள். வைசாலியில் சீகன் என்றொரு சேனாபதி. புத்தரை ஊரில் செயலை மறுப்பவர் என்கிறார்களே என்று அவரிடமே கேட்டான். புத்தர் கோபப்படவில்லை. ஒருவகையில் என்னை அழிவுவாதி என்று சொல்வதும் சரிதான். ஆசை, வெறுப்பு, மயக்கம் இவற்றின் அழிவைத்தான் நான் போதிக்கிறேன் என்றார். இன்னோரிடத்தில், 'இருக்கிற ஓர் உயிரின் அழிவைப் போதிக்கிறேன் என்று சிலர் என்மேல் பொய்யாகப் பழி சொல்கிறார்கள். முன்பும் சரி, இப்போதும் சரி, நான் சொல்வது துக்கத்தையும் துக்கத்தின் ஒழிவையும்தான்' என்று அழுத்தமாகவும் சொல்லியிருக்கிறார். அதே சூத்திரத்தில் ஒரு கேள்வி வருகிறது. இந்த ஜேதவனத்தில் கிடக்கிற புல்லையும் சுள்ளியையும் இலையையும் யாரோ அள்ளிக்கொண்டுபோய் எரித்தால், 'ஐயோ, நம்மை எரிக்கிறார்கள்' என்று நினைப்பீர்களா? மாட்டோம் என்றார்கள் பிக்குகள். ஏன்? அது நாங்களும் அல்ல, எங்களுடையதும் அல்ல. அப்படியே, உங்களுடையதல்லாததை விட்டுவிடுங்கள். அது உங்களுக்கு நெடுங்காலம் நன்மையும் இன்பமும் தரும் என்றார். விடச் சொன்னதையெல்லாம் பாருங்கள், சுள்ளிக்கட்டு. எதிரணி அதைப் பார்த்துக் கொலைப்பழி போடுகிறது.

ஒரு சாதாரணக் கணக்கும் இருக்கிறது. சித்தார்த்தர் நிர்வாணம் அடைந்தது 35ஆம் வயதில். குசிநாராவில் மறைந்தது 80ஆம் வயதில். நிர்வாணம் அழிவு என்றால் நடுவில் 45 வருடம் கங்கைச் சமவெளி முழுவதும் கால்நடையாக நடந்தது யார்? பிச்சை எடுத்தது, சண்டை தீர்த்தது, சங்கத்துக்கு விதி வகுத்தது யார்? வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவை மற்றவர்கள் எட்டிப் பார்க்காமல் இருந்தபோது, ஆனந்தரோடு சேர்ந்து தம் கையால் கழுவிப் படுக்கையில் கிடத்தியவர் அவர். 'எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவன் நோயாளிக்குச் செய்யட்டும்' என்று அப்போதுதான் சொன்னார். அணைந்துபோனவர் செய்த வேலை இது. எரிந்துகொண்டிருந்த மற்றவர்கள் எங்கே போயிருந்தார்கள் என்று தெரியவில்லை.

இதைப் புத்தரோடு நிறுத்தினால் 'அவர் பெரியவர்' என்று தப்பித்துவிடுவீர்கள். பட்டாசாரைக்கு வருகிறேன். கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் பெற்றோரையும் உடன்பிறந்தவனையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துப் பித்துப் பிடித்து அலைந்தவள் என்று உரைநூல் சொல்கிறது. அவள் பிக்குணி ஆன பிறகு பாடியது, பிக்குணிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் இருக்கிறது. அந்தப் பாட்டில் இழப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கால் கழுவுகிறாள். ஊற்றிய தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் பார்க்கிறாள். மனம் ஒருமுகப்படுகிறது. விளக்கை எடுத்துக்கொண்டு குடிலுக்குள் போகிறாள். படுக்கையைப் பார்க்கிறாள், கட்டிலில் உட்காருகிறாள். ஊசியை எடுத்துத் திரியைக் கீழே இழுக்கிறாள். விளக்கு நிர்வாணம் அடைந்ததுபோல என் மனம் விடுதலை பெற்றது என்று முடிக்கிறாள்.

நடுவர் அவர்களே, அந்த அறையில் அணைந்தது விளக்கு. அவள் உட்கார்ந்துதான் இருக்கிறாள். பிறகு எத்தனையோ பெண்களுக்கு ஆசிரியையாகவும் இருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் அவளிடம் வந்து ஆறுதல் பெற்ற பாட்டும் அதே நூலில் இருக்கிறது. அழிந்தவளிடம் போய் யாராவது ஆறுதல் கேட்பார்களா?

எதிரணியின் கடைசிப் பேச்சாளர் கேட்டதுதான் எனக்கு நியாயமாகப் பட்டது. 'சொல்வது சுலபம், நான் என்ற எண்ணம் யாருக்கு ஐயா போயிருக்கிறது?' என்றார். இதற்குப் பதிலாக எனக்கு மிகவும் பிடித்த ஒரு சம்பவம் உண்டு. கோசாம்பியில் நடந்தது.

கேமகர் என்ற பிக்கு கடும் நோயில் படுத்திருக்கிறார். மூத்த பிக்குகள் வேறொரு விகாரையில் இருக்கிறார்கள். தாசகர் என்பவரை அனுப்பி எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். வலி கூடுகிறதே தவிரக் குறையவில்லை என்று பதில் வருகிறது. நம் ஆட்களாக இருந்தால் கஷாயம் அனுப்பியிருப்பார்கள். இவர்கள் கேள்வி அனுப்புகிறார்கள்: ஐந்து தொகுதிகளில் எதையாவது ஆன்மா என்று பார்க்கிறீர்களா? இல்லை என்கிறார் கேமகர். தாசகர் திரும்பி ஓடுகிறார். அப்படியானால் நீங்கள் அருகதர் அல்லவா? மறுபடி ஓட்டம். கேமகர் சொல்கிறார்: இவற்றில் எதையும் நான் என்று பார்க்கவில்லை, ஆனாலும் 'நான் இருக்கிறேன்' என்ற ஒன்று என்னை விட்டு இன்னும் போகவில்லை. நான் அருகதர் இல்லை. மறுபடி ஓட்டம், மறுபடி கேள்வி. அந்த 'நான் இருக்கிறேன்' என்பது எது? உடம்பா, உணர்வா? கேமகருக்கே அலுத்துவிட்டது. 'போதும் தாசகரே, இங்கும் அங்கும் ஓடியது. என் கைத்தடியை எடும், நானே வருகிறேன்' என்று நோயோடு எழுந்து தடியை ஊன்றிக்கொண்டு போனார்.

போய்ச் சொன்னது இது. தாமரைக்கு மணம் இருக்கிறது. அது இதழின் மணமா, நிறத்தின் மணமா, மகரந்தத்தின் மணமா? எதையும் தனியாகச் சொல்ல முடியாது, பூவின் மணம் என்றுதான் சொல்லலாம். என்னிடம் மிச்சமிருக்கும் 'நான்' அப்படிப்பட்டது. உடம்பு நான் என்றும் சொல்லவில்லை, உடம்புக்கு வெளியே நான் என்றும் சொல்லவில்லை. அப்புறம் இன்னொன்று சொன்னார். அழுக்குத் துணியை வண்ணான் உவர்மண்ணும் சாம்பல்நீரும் சாணமும் போட்டு வெளுத்துக் கொடுக்கிறான். துணி சுத்தமாகிவிட்டது, ஆனால் அந்த உவரின் வாடை துணியில் இருக்கிறது. வாசனைப் பேழையில் வைத்தால் நாளடைவில் அதுவும் போய்விடும். அதுபோல, ஐந்தும் தோன்றுவதையும் மறைவதையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் இந்த மிச்சமும் போகும். அவர் பேசி முடித்தபோது கேட்டுக்கொண்டிருந்த அறுபது மூத்த பிக்குகளும் விடுதலை பெற்றார்கள். சொல்லிக்கொண்டிருந்த கேமகரும் பெற்றார்.

இதைவிட நேர்மையான பதிலை நான் படித்ததில்லை. ஆன்மா என்று எதையும் ஒப்புக்கொள்ளாதவரிடமும் 'நான்' ஒரு வாடையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை. ஆகவே, எதிரணி நண்பரே, நான் என்ற எண்ணம் யாருக்கும் சுலபத்தில் போவதில்லை என்ற உங்கள் பேச்சு சரிதான். ஆனால் அது எங்கள் கட்சிக்குச் சாதகம். அநாத்மம் என்பது மேடையில் நிரூபித்துக் கைதட்டல் வாங்குகிற முடிவாக இருந்தால், கேமகர் படுக்கையிலேயே ஜெயித்திருப்பார். தடியை ஊன்றி எழுந்திருக்க வேண்டியதில்லை.

மணி அடித்துவிட்டார்கள். இரண்டே நிமிடம்.

அன்புக்கு இடமில்லாமல் போகும் என்றார்களே, அதற்கு மணிமேகலையைவிட நல்ல பதில் கிடையாது. இளவரசன் உதயகுமரன் வெட்டுண்டு இறந்துவிட்டான். அவன் தாய் இராசமாதேவி, மணிமேகலையைச் சிறையில் வைத்து என்னென்ன கொடுமையோ செய்து பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அழுகிறாள். மணிமேகலை கேட்கிறாள்: 'உடற்கழுதனையோ உயிர்க்கழுதனையோ?' உடலுக்கு அழுதாய் என்றால், அதைக் கொண்டுபோய்ச் சுடுகாட்டில் இட்டவர்கள் யார்? உயிருக்கு அழுதாய் என்றால், அது எங்கே புகுந்தது என்று அறிவது அரிது. அந்த உயிரிடம் உனக்கு அன்பு இருந்தால், 'எவ்வுயிர்க்காயினும் இரங்கல் வேண்டும்.' சாத்தனார் சமயவாதங்களை அடுக்குகிற காதைகளைவிட, இந்த நாலைந்து வரியில்தான் அவர் பௌத்தர் என்று எனக்குப் படுகிறது. என் மகன் என்ற வேலி விழுந்த இடத்தில் அன்பு செத்துப்போகவில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் எல்லா உயிருக்கும் பரவிவிட்டது.

கடைசியாக ஒன்று. செத்தபிறகு அருகதர் என்ன ஆகிறார் என்று எதிரணி திரும்பத் திரும்பக் கேட்டது. யமகர் என்ற பிக்குவும் உங்கள் கட்சிதான். 'உடல் விழுந்ததும் அருகதர் அழிந்துபோகிறார், அதற்குப் பிறகு இல்லை' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சகபிக்குகள் சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. சாரிபுத்தர் அவரை உட்காரவைத்துக் கேட்டார். உடம்பைத்தான் ததாகதர், அதாவது நீ அழிவதாகச் சொல்கிற அந்த விடுதலை பெற்றவர், என்கிறாயா? இல்லை. உணர்வையா? இல்லை. உடம்புக்குள் இருக்கிறாரா? இல்லை. வெளியே? இல்லை. ஐந்தும் சேர்ந்தவரா? இல்லை. ஐந்தும் இல்லாதவரா? அதுவும் இல்லை. அப்படியானால் யமகா, இங்கே, இப்போதே, உயிரோடு இருக்கும்போதே உண்மையில் இன்னவர் என்று உன்னால் பிடித்துக் காட்ட முடியாத ஒருவரை, செத்தபிறகு அழிந்துபோகிறார் என்று சொல்வது உனக்குத் தகுமா? யமகர் தம் கட்சியை விட்டார். இனி யாராவது கேட்டால், நிலையில்லாதது எதுவோ அது துன்பம், அந்தத் துன்பம் ஓய்ந்தது என்றுதான் சொல்வேன் என்றார்.

அடுத்துத் தொகுப்புரைக்கு வரப்போகிற எதிரணித் தலைவர் அருகதர் அழிகிறார் என்று மறுபடியும் சொல்லலாம், தடையில்லை. சொல்வதற்கு முன்னால் சாரிபுத்தரின் அந்த ஆறு கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்று சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். எந்தக் கேள்விக்கு என்று நடுவர் குறித்துக்கொள்ளட்டும். நன்றி, வணக்கம்.